சம்மதமில்லை என்று ஒரு வரி

அந்த வாரம் ஜெனோவாவை நம்பிக்கையாக இருக்கச் சொன்னவர்கள் ஏகப்பட்ட பேர். மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி சொன்னாள். பூசை முடிந்து வெளியே வரும்போது சாமியார் சொன்னார். அலுவலகத்தில் முதலாளி சொன்னார். தெருமுனையில் ஆட்டோ போட்டிருக்கிறவர், சவாரி போகிற அவசரத்திலும் தலையை வெளியே நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். செலவில்லாத சொல் என்பதால் யாரும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கேட்கக் கேட்க அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

விஷயம் இதுதான். ஜெனோவாவின் கணவன் கிளாட்வின் கப்பலில் மோட்டார்மேன். எஞ்சின் அறையில் நின்று எண்ணெய் பார்த்து, சூடு பார்த்து, குழாய் ஒழுகினால் அடைக்கிற வேலை. அவன் இருந்த கலிஸ்டா என்ற கப்பல் யூரியா ஏற்றிக்கொண்டு அரபு நாட்டுத் துறைமுகமான ஃபுஜைராவுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அடுத்த புதன்கிழமை அங்கிருந்து கிளம்பிச் செங்கடல் வழியாக மேலே போக வேண்டும். செங்கடலில் என்ன நடக்கிறது என்று தூத்துக்குடியில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஏவுகணை பட்டு எரிகிற கப்பலின் படம் எல்லோர் கைபேசியிலும் இருந்தது.

ஜெனோவாவுக்கு அந்தப் போரின் கணக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் கிளியரிங் ஏஜெண்ட் ஒருவரிடம் அவள் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். ஏற்றுமதிப் பேப்பர் அடிப்பது அவள் பொறுப்பு. தென்னைநார்க் கட்டு போகிற பெட்டிக்குக்கூட இப்போது போர் அபாயக் கூடுதல் கட்டணம் என்று தனியாக ஒரு வரி அடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பல்லைக் கடிப்பாள். தென்னைநாருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. கப்பல் இரும்புக்கு இருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, வெளிச்சம் பார்க்காமல் நிற்கிற மனுசனுக்கு மட்டும் நம்பிக்கை இருந்தால் போதுமாம்.

கைபேசியில் கப்பல்களைக் காட்டும் செயலி ஒன்று உண்டு. கடலோடி வீட்டுப் பெண்கள் எல்லோரும் அதை வைத்திருப்பார்கள். புள்ளி நகர்ந்தால் புருசன் நகர்கிறான் என்று அர்த்தம். அந்த வாரம் ஜெனோவா செங்கடல் பக்கம் போகிற மற்றக் கப்பல்களைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். போகும் துறைமுகத்தின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு கப்பல், ஆட்கள் எல்லோரும் இந்தியர்கள் என்று எழுதியிருந்தது. சுடாதே, இதில் இருப்பவர்களுக்கும் உன் சண்டைக்கும் சம்பந்தமில்லை என்று கெஞ்சுகிறது கப்பல். அப்படிக் கெஞ்சத் தெரிந்தவனுக்கு வேறு வழியில் போகத் தெரியாதா என்று திரையைப் பார்த்துத் திட்டினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கிளாட்வின் பேசினான்.

"கேப்டன் எல்லாரையும் மெஸ்ஸில கூப்பிட்டுச் சொல்லிட்டாருளா. செங்கடல் வழிதானாம். வர விருப்பமில்லாதவன் சனிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம்."

"நீங்க எழுதிட்டியளா?"

"இங்க யாருமே எழுதல."

"யாரு எழுதலன்னு நான் கேக்கல. நீங்க எழுதினியளான்னு கேக்கேன்."

"எழுதுனா அடுத்த கப்பல் கிடைக்காது. பாண்டியராஜ் அண்ணாச்சி ஏஜென்சி லிஸ்ட்டுல இருந்து தூக்கிருவாரு. தினமும் எத்தனையோ கப்பல் போவத்தான செய்யுது. ஒண்ணும் ஆவாது. நீ நம்பிக்கையா இரு."

பதினைந்தாவது ஆளோ பதினாறாவது ஆளோ. அதுவும் சொந்தப் புருசன்.

"எனக்கு நம்பிக்கை இருக்கட்டும், உங்களுக்கு அறிவு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுக் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

அவள் கோபக்காரி என்று தெருவில் பெயர். அந்தக் கோபம் எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன், பிறகு கதைக்குப் போகலாம். அவளுடைய அப்பா மாலத்தீவுக்குப் போகும் தோணியில் வேலை பார்த்தவர். வெங்காயம், சிமெண்ட், செங்கல் என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். வைகாசிக் காற்று கிளம்புமுன் தோணிகளைக் கட்டிப்போட்டுவிடுவது வழக்கம். ஒரு வருடம் தோணி முதலாளி இன்னும் ஒரே ஒரு நடை என்றார். ஒரு நடைதானே என்று ஒன்பது பேர் போனார்கள். தோணியும் திரும்பவில்லை, ஆட்களும் திரும்பவில்லை. ஜெனோவாவுக்கு அப்போது பதினோரு வயது. அவள் அம்மா நாற்பது நாள் மெழுகுதிரி ஏற்றி நம்பிக்கையோடு இருந்தாள். தெருவே அவளோடு சேர்ந்து நம்பிக்கையோடு இருந்தது. அந்த நாற்பது நாளில் ஒருத்தர்கூட முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று, காத்து நேரத்துல ஏன்ல அனுப்புன என்று கேட்கவில்லை. முதலாளி ஒரு மூட்டை அரிசி கொடுத்தனுப்பினார். அதையும் கும்பிட்டு வாங்கினார்கள். ஜெனோவா அந்த அரிசியைச் சாப்பிட மாட்டேன் என்று இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். மூன்றாம் நாள் பசி தாங்காமல் சாப்பிட்டாள். அதற்காகவும் அவளுக்குக் கோபம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு நேரே பாண்டியராஜ் அலுவலகத்துக்குப் போனாள். கப்பல்களுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி அது. பாண்டியராஜ் மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. வந்தவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கையை விரிப்பார்.

"தங்கச்சி, ஆயிரம் கப்பல் போவுது. அதுல ஒண்ணு ரெண்டுதான் அடிபடுது."

"அண்ணாச்சி, நான் ஆயிரம் கப்பலப் பத்திப் பேச வரல."

கிளாட்வினின் ஒப்பந்தத்தை அவள் கையோடு கொண்டு வந்திருந்தாள். நாள் முழுக்கப் பேப்பரோடு மாரடிக்கிறவளுக்குப் பொடி எழுத்தெல்லாம் பழக்கம். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. போர் நடக்கும் கடலுக்குப் போகச் சம்மதமில்லை என்று கடலோடி எழுதிக் கொடுத்தால் அவனைக் கம்பெனி செலவில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அதைக் காரணம் காட்டி அவன் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. அந்தப் பத்தியைச் சத்தமாக வாசித்தாள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் வாசித்தாள். பாண்டியராஜ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"சட்டப்படி சரிதாம்மா. ஆனா ரிலீவர் போய் ஏறினாத்தான் மாப்பிள இறங்க முடியும். மோட்டார்மேன் குறைஞ்சா கப்பல எடுக்க முடியாது."

"அப்ப ஆளப் போடுங்க."

அவர் முகத்தைச் சொறிந்துகொண்டு, பேனாவைத் தட்டிக்கொண்டு, கடைசியில் சரி என்றார். ஜெனோவா ஜெயித்துவிட்ட வேகத்தில் படியிறங்கினாள். போடச் சொன்ன அந்த ஆள் யார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்த ஏஜென்சி ஆள் பிடிப்பது இதே கரையில், இதே நாலு தெருவில் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கோபம் கண்ணை மறைத்தது என்று சொல்வார்களே, அது இதுதான்.

சனிக்கிழமை கிளாட்வின் எழுதிக் கொடுத்தான். ஒரே வரி. இந்த வழியில் வர எனக்குச் சம்மதமில்லை. அவள் போனில் சொல்லச் சொல்ல எழுதினான். கேப்டன் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டாராம். மற்றவர்கள்தான் பேசினார்களாம்.

"குக்கு என் தட்டுல சோத்த எறிஞ்சிட்டுப் போறான். பயந்தாங்கொள்ளின்னு நினைக்கானுவ."

"நினைச்சிட்டுப் போறானுவ. நீங்க உயிரோட வீடு வந்து சேருங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சுஜிதா வந்தாள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். ஜெனோவாவைவிடப் பத்து வயது இளையவள். அவள் கணவன் அனிஷும் மோட்டார்மேன்தான். ஒன்பது மாதமாகக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். சுஜிதா தையல் மிஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கையில் ஒரு பொட்டலம் மக்ரூன்.

"அக்கா, வாயத் திறங்க. அனிஷுக்குக் கப்பல் கிடைச்சிட்டு."

மக்ரூனை அவளே ஜெனோவாவின் வாயில் வைத்தாள். "எங்க ஏறுதான்?" என்று ஜெனோவா மென்றுகொண்டே கேட்டாள்.

"ஃபுஜைரால. செவ்வாக்கிழமை பிளைட். யூரியாக் கப்பலாம். வளைகுடாக்குள்ளயே ஓடுதாம், பயமில்லையாம். எல்லாம் ரெண்டே நாள்ல முடிவாச்சு. நாளைக்கு நம்ம அன்பியம் எங்க வீட்டுலதான், நன்றி ஜெபம் வச்சிருக்கேன். நீங்கதான் மன்றாட்டு வாசிக்கணும்."

ஃபுஜைரா, யூரியா என்று கேட்டதுமே அது கலிஸ்டாதான் என்று ஜெனோவாவுக்குத் தெரிந்துவிட்டது. மீன் கழுவிய தண்ணீரில் கையை வைத்தபடியே நின்றாள். சுஜிதா சிரித்துக்கொண்டே போனாள்.

இனி ஜெனோவா செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவள் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிறு மத்தியானம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. திங்கள்கிழமை அலுவலகத்துக்குப் போய்ப் பேப்பர் அடித்தாள். அனிஷ் ஏறினால் கிளாட்வின் இறங்குவான். அனிஷிடம் உண்மையைச் சொன்னால் அவன் ஏறமாட்டான், கிளாட்வின் இறங்க முடியாது. எப்படித் திருப்பிப் போட்டாலும் இரண்டில் ஒருவன் அந்த எஞ்சின் அறையில் நின்றான். இன்னும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தோணி முதலாளியும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான் என்று நினைத்தபோது அவளுக்கு அவள் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. பாண்டியராஜ் மேல் வந்த கோபமும், கப்பல் முதலாளி மேல் வந்த கோபமும், எங்கோ உட்கார்ந்து ஏவுகணை விடுகிறவன் மேல் வந்த கோபமும், அவனுக்குப் பதிலடி என்று ஊரையே கொளுத்துகிறவன் மேல் வந்த கோபமும் எல்லாம் சேர்ந்து அவள் மேலேயே வந்து விழுந்தது.

அன்பியம் என்பது தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செய்கிற ஜெபம். திங்கள் சாயங்காலம் சுஜிதா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அனிஷ் புதுச் சட்டை போட்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். பாட்டு முடிந்தது. ஜெபமாலை முடிந்தது. மன்றாட்டு எழுதிய தாளைச் சுஜிதா நீட்டினாள். அனிஷுக்கு நல்ல கப்பலைத் தந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி கூறுவோம் என்று முதல் வரி இருந்தது. வட்டமான அழகான கையெழுத்து.

ஜெனோவா தாளை மடித்தாள்.

"இத என்னால வாசிக்க முடியாது. இது நல்ல கப்பல் இல்ல. இது எங்க வீட்டுக்காரவிய நிக்கிற கப்பல். செங்கடலுக்குத்தான் போவுது. அவிய வரமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாவ. அவிய இறங்கதுக்காக அனிஷ ஏத்துதாவ. ஆள் போடச் சொன்னது நான்தான்."

சுஜிதா அவளைப் பார்க்கவில்லை, புருசனைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் மதினி," என்றான் அனிஷ். "அண்ணாச்சி சொல்லித்தான் அனுப்புதாரு. அங்க போனா அந்த நாளைக்கெல்லாம் ரெட்டைச் சம்பளம். இவட்டதான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அழுவா. நான் போவலன்னா வேற ஒருத்தன் போவத்தான் போறான்."

"அந்த வேற ஒருத்தன்தாம்ல நீ," என்றாள் ஜெனோவா. "அவியளுக்குப் பதிலா நீ. உனக்குப் பதிலா மணப்பாட்டுக்காரன் ஒருத்தன். அவனுக்குப் பதிலா புன்னைக்காயல்காரன் ஒருத்தன். இப்படி நம்மள்ல ஒருத்தனுக்குப் பதிலா ஒருத்தன் போய்க்கிட்டே இருக்கதாலதான் முதலாளி அந்த வழியில கப்பல் விடுதான். ஆளே இல்லன்னா என்ன செய்வான்? அவனே வந்து எஞ்சின் ஓட்டுவானா?"

சுஜிதா எழுந்தாள். அழவில்லை. அனிஷ் நினைத்ததுபோல் அவள் ஒன்றும் அழுகிற ஆள் இல்லை.

"நேத்து உங்க வாயில மக்ரூன் வச்சேன். அப்பவே உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்."

"ஒண்ணரை நாள் வாய மூடிட்டு இருந்திய. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருந்திருந்தா உங்க காரியம் முடிஞ்சிருக்கும். இப்ப எதுக்கு வந்து சொல்லுதிய, உங்களுக்குப் பாவமன்னிப்பு வேணும்னா? எந்திரிங்க. என் வீட்ட விட்டுப் போங்க."

ஜெனோவா எழுந்து போனாள். சுஜிதா சொன்னதில் தப்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கிளாட்வினைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அனிஷ் பெயரைக் கேட்டதும் அவன் போட்ட சத்தத்தில் கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"என்ன காரியம்ளா செஞ்சு வச்சிருக்க? அந்தப் பய என் கையப் பிடிச்சு வேல படிச்சவன். அவனச் சாவக் குடுத்துட்டு நான் வந்து வீட்டுல சோறு திங்கணுமா? இப்பவே போய்ப் பேப்பரத் திருப்பி வாங்குதேன்."

"வாங்காதிய."

"வாங்கத்தான் போறேன்."

"நான் சொல்லத முழுசாக் கேளுங்க. நான் ஆள் போடச் சொன்னது தப்பு. நீங்க எழுதுனது தப்பு இல்ல. அந்தப் பேப்பரோட நகல மெஸ் மேசையில கொண்டு வைங்க. உங்களுக்குப் பதிலா யாரு வாரான்னு, அவன் யாரு, அவன் பெண்டாட்டி யாருன்னு சொல்லுங்க. நீங்க எல்லாரும் எழுதாம இருக்கது வீரம்னா நினைச்சிருக்கிய? ஒவ்வொருத்தனும் பக்கத்துல இருக்கவன் எழுதட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கிய. இருபத்தொரு பேருல பாதி பேரு எழுதுனா எவன ரிலீவராப் போடுவான்? எத்தனை பேருக்கு விசா அடிப்பான்?"

"இங்க எவனும் எழுதமாட்டான்."

"கேட்டுப் பாத்தியளா?"

அவன் போனை வைத்துவிட்டான். அவளும் அதோடு விட்டுவிட்டாள். கூப்பிட்டுக் கெஞ்சுவது அவள் பழக்கத்தில் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் திருவனந்தபுரம் விமானத்துக்கு அனிஷைக் கூட்டிப் போக ஏஜென்சி கார் தெருவில் வந்து நின்றது. பெட்டி தயார். பாஸ்போர்ட் தயார். சி.டி.சி. புத்தகத்தைக் காணோம். கடலோடிக்கு அந்தப் புத்தகம் இல்லாமல் எந்தக் கப்பலிலும் கால் வைக்க முடியாது. அனிஷ் அலமாரியைக் கவிழ்த்தான். அரிசிப் பானைக்குள் கையை விட்டான். தையல் மிஷின் மேசையைப் பிரித்துப் போட்டான். பாண்டியராஜ் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் அடித்தார். சுஜிதா குசினி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவன் அவள் முன்னால் வந்து நின்று, "எங்களா வச்சிருக்க?" என்று கேட்டான்.

"கெபி உண்டியல்ல போட்டுட்டேன்."

தெருமுனை மாதா கெபியில் இரும்பு உண்டியல் ஒன்று இருக்கிறது. அதை மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் திறப்பார்கள், அதுவும் மூன்று சாவிக்காரர்கள் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். ஒரு சாவிக்காரர் மகள் பிரசவத்துக்கு மும்பை போயிருந்தார். அனிஷ் ஓடிப்போய் உண்டியலை ஆட்டிப் பார்த்தான். உள்ளே சில்லறை குலுங்கியது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. சிலர் சிரித்தார்கள். அவன் கார் டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கெபிப் படியிலேயே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒன்பது மாதம் காத்திருந்து கிடைத்த கப்பல். பாவம், அவனைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

கப்பலில் நடந்ததை ஜெனோவா பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை காலைச் சாப்பாட்டின்போது கிளாட்வின் நகலைக் கொண்டுபோய் மேசையில் வைத்திருக்கிறான். அவனுக்குப் பேச வராது. எனக்குப் பதிலா வாரவன் என் தெருக்காரன், அவன் பேரு அனிஷ் என்று மட்டும் சொன்னானாம். கொஞ்ச நேரம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். பிறகு சோற்றை எறிந்தானே அந்தச் சமையல்காரன், அவன்தான் பேனாவைக் கேட்டிருக்கிறான். தனக்குப் பதிலாகத் தன் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள், அவன் அதே ஏஜென்சி லிஸ்ட்டில்தான் இருக்கிறான் என்றானாம். அடுத்து ஒரு ஆயிலர். அவன் ஊரிலும் அதே கதை. புதன்கிழமை விடிவதற்குள் பதினோரு பேப்பர் சேர்ந்துவிட்டது. கேப்டன் எழுதவில்லை. ஆனால் பதினொன்றையும் ஒழுங்காக ஸ்கேன் எடுத்து முதலாளிக்கு அனுப்பிவைத்தார். பத்துப் பேர் எழுதவே இல்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்கு.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் இருந்தபோது கிளாட்வினிடமிருந்து போன் வந்தது.

"சுத்திப் போறோம்ளா. ஆப்பிரிக்காவச் சுத்தி. முதலாளி சம்மதிச்சிட்டான்."

"எத்தனை நாள் கூடும்?"

"பதினஞ்சு, இருவது நாள். எண்ணெய்தான் கூடுதலாச் செலவாவும்."

ஜெனோவா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவுதானா? இருபது நாளும் கொஞ்சம் எண்ணெயுமா? இதற்காகவா இருபத்தொரு பேரை நெருப்புக்குள் அனுப்பப் பார்த்தார்கள்? முடியாது என்று பாதிப் பேர் சொன்ன அன்றைக்கே வழி பிறந்துவிட்டதென்றால், அந்த வழி முதலிலேயே இருந்திருக்கிறது. ஒரே ஒரு நடை என்ற தோணிக்கும் காற்று அடங்கும்வரை கட்டிக் கிடக்கிற வழி இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. அலுவலக முதலாளி பதறிப்போய் என்னம்மா, கெட்ட சேதியா என்று ஓடி வந்தார். அவள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

அதற்குப் பிறகு உலகம் திருந்திவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. அதே மாதம் வேறொரு கப்பல் அந்தக் கடலில் எரிந்து மூன்று பேர் செத்தார்கள். பாண்டியராஜ் அதிகம் பேசாமல் கிளாட்வின் பெயரையும் அனிஷ் பெயரையும் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டார். நடவடிக்கை எடுக்கக் கூடாது என்ற வரிக்கு அவரிடம் பதில் இருந்தது. இது நடவடிக்கை இல்லையாம், வேக்கன்சி இல்லையாம். ஜெனோவா கப்பல் துறைக்குப் புகார் எழுதினாள். பதில் வரவில்லை. திரும்பவும் எழுதினாள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி எழுதினாள். புகார் எண் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அன்பியத்தில் அவள் வந்தால் இரண்டு மூன்று பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சுஜிதா தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் போனாள்.

கிளாட்வின் ஒப்பந்தம் முடிந்து வீடு வந்தான். இளைத்திருந்தான். முதல் வாரம் தூங்கினான். இரண்டாவது வாரம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கிற வேலைக்குப் போனான். கையில் அதே எண்ணெய் நாற்றத்தோடு தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அந்த நாற்றத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் புகார் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் சுஜிதா வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. சென்னையில் வேறு ஏஜென்சியில் அனிஷுக்குக் கப்பல் கிடைத்திருக்கிறதாம். ஒப்பந்தம் மெயிலில் வந்ததாம், கடையில் பிரிண்ட் எடுத்திருக்கிறாள். இருபத்திரண்டு பக்கம்.

"இத வாசிச்சு என்ன இருக்குன்னு சொல்லணும். எந்த வழியில போவுது, வரமாட்டேன்னு சொல்ல முடியுமா, எல்லாம்."

"அனிஷ் சொன்னானா வரச் சொல்லி?"

"அவிய ஒண்ணும் சொல்லல. நான்தான் வந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "வந்துட்டதால சமாதானம் ஆயிட்டேன்னு நினைச்சிக்கிடாதிய. உங்க மேல கோவம் எனக்கு இன்னும் போவல."

"போவ வேண்டாம்," என்றாள் ஜெனோவா. "செருப்பக் கழத்திட்டு உள்ள வா. ஒன்பதாம் பக்கத்த எடு."